தேர்தல் ஆணைக்குழு நியமனமும் நியமியாமையின் அதிகாரமும்: இலங்கை அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

தேர்தலை நடத்துவோரை நியமிப்பவர் யார் என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து, நிர்வாகச் சட்டத்தின் சிறு கூறொன்றாகவே தோன்றும். சட்டத்துறையினருக்குரிய இவ்விடயத்தைச் சமூக, இலக்கிய ஆய்வாளர் ஏன் கருத்திற்கொள்ளவேண்டும் என்ற ஐயமும் எழலாம். ஆயின், நவீன அரசின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு இவ்வினா நல்லதொரு வாயிலாகும். தேர்தலில் வென்றோர் அரசாங்கத்தை அமைக்கின்றனர். அரசாங்கத்தை அமைத்தோர் அடுத்த தேர்தலை நடத்துவோரைத் தெரிவுசெய்கின்றனர். போட்டியிடுவோரே நடுவரையும் நியமிக்கும் இம்முரண்பாட்டைப் பிரதிநிதித்துவ ஆட்சிமுறை நிலவும் நாடுகள் யாவும் ஏதோவொரு வகையில் எதிர்நோக்கியே வந்துள்ளன.

இவ்விடயம் தொடர்பாக எமது முற்போக்கு வட்டங்களில் இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. தேர்தல் என்பதே ஆளும் வர்க்கத்தின் ஏமாற்று வித்தை. ஆகவே அதனை நடத்துவோர் எவராயிருப்பினும் உழைக்கும் மக்களுக்கு ஆவதொன்றில்லை என்பது ஒன்று. நேர்மையும் ஆற்றலும் வாய்ந்த ஐவரைக் கண்டுபிடித்து நியமித்துவிட்டால் சனநாயகம் தானாகவே தழைத்துவிடும் என்பது மற்றையது. முன்னையது வாக்குரிமைக்காக நடந்த போராட்டங்களின் வரலாற்றை மறக்கின்றது. பின்னையது நிறுவனங்களை அவற்றின் சமூகத் தளத்திலிருந்து பிரித்து நோக்குகின்றது. இவ்விரு மனப்பாங்குகளும் இலங்கையில் நடந்தேறியவற்றை விளக்கப் போதியனவல்ல.

இலங்கையின் அனுபவத்தை நுணுகி ஆராயும்போது தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. நியமிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பது வினாவின் ஒரு பாதியே. நியமிக்காது விடும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே அதன் மறுபாதி. முதற் பாதியைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. மறுபாதியையே இக்கட்டுரை சிறப்பாகக் கருத்திற்கொள்கின்றது.

1. ஆணையாளர் காலம்

இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதனை டொனமூர் ஆணைக்குழுவினரின் தாராள மனப்பான்மைக்கு மட்டுமே உரியதாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஏ.ஈ. குணசிங்கவின் தலைமையிலான தொழிலாளர் இயக்கம் அவ்வுரிமையைக் கோரி நின்றபோது, தேசியத் தலைவர்களுட் பலர் சொத்தும் கல்வியும் உடையோருக்கே வாக்குரிமை உரியதென வாதிட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. சுதந்திரத்தின் பின்னர், 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளிற் குடியுரிமை, தேர்தல் ஆகியன தொடர்பாக இயற்றப்பட்ட சட்டங்களினால் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலானோர் அவ்வுரிமையை இழந்தனர். அவர்கள் 1947இல் தமது பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். 1952இல் அவ்வாய்ப்பு இல்லாதொழிந்தது. வாக்காளர் இடாப்பிலிருந்தே ஒரு வர்க்கம் நீக்கப்பட்டபின், வாக்குகளை எண்ணுவோர் எத்துணை நடுநிலையாளராயினும் விளைவு மாறப்போவதில்லை. நியமனம் பற்றிய எந்த ஆய்வும் இவ்வெல்லையை நினைவிற்கொண்டே தொடங்கவேண்டும்.

தேர்தல் திணைக்களம் 1955ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. பிரித்தானிய ஆட்சி விட்டுச்சென்ற சிவில் சேவை மரபில் வந்த ஆணையாளர் ஒருவர் அதற்குப் பொறுப்பாயிருந்தார். 1978ஆம் ஆண்டு யாப்பின் 103ஆம் உறுப்புரை இப்பதவியை வரையறுத்தது. அதன்படி ஆணையாளரைச் சனாதிபதி நியமிப்பார். நன்னடத்தை உள்ளவரை அவர் பதவி வகிப்பார். அவரது சம்பளம் திரட்டு நிதியத்திலிருந்து வழங்கப்படும். பதவிப் பாதுகாப்பு ஓரளவு உண்டு. நியமனமோ தனியொருவரின் விருப்பம். அத்தனியொருவர் நிறைவேற்று அதிகாரம் அனைத்தும் குவிந்த சனாதிபதி. அவரே அடுத்த தேர்தலின் வேட்பாளராகவும் இருக்கலாம்.

இவ்வமைப்பின் வலுவீனம் விரைவில் வெளிப்பட்டது. 1981ஆம் ஆண்டு யூன் மாதம் யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெற்றது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட சில நாள்களுள் நடைபெற்ற அத்தேர்தலில், வாக்கெடுப்பு நிலையங்களுக்குப் பொறுப்பானோர் இறுதி வேளையில் மாற்றப்பட்டனர். வாக்குப் பெட்டிகள் சில காணாமற் போயின. அடுத்த ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், பாராளுமன்றத்தின் ஆயுட்காலத்தை ஆறாண்டுகளால் நீடிப்பதற்கான சர்வசன வாக்கெடுப்பு அவசரகாலச் சட்டத்தின் கீழ் இடம்பெற்றது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்துக்குப் பதிலாகப் புதியதொன்றைத் தெரிவுசெய்ய மக்கள் 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாக்கெடுப்பின் முறைகேடுகளைப் பின்னர் வெளியான ஆணையாளரின் அறிக்கையே பதிவுசெய்தது. முறைகேட்டைப் பதிவுசெய்யலாம், தடுக்க இயலாது. ஆணையாளர் பதவியின் உண்மையான நிலை அதுவே.

2. பதினேழாவது திருத்தம்: சட்டத்தில் இருந்தது, நாட்டில் இல்லை

1999ஆம் ஆண்டு சனவரியில் நடைபெற்ற வடமேல் மாகாண சபைத் தேர்தலின் வன்முறைகளும் மோசடிகளும் சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழுவுக்கான கோரிக்கையைத் தென்னிலங்கையிற் பரவலாக்கின. எனினும் கோரிக்கை சட்டமாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. 2001ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் பொதுசன ஐக்கிய முன்னணி அரசாங்கம் தன் பெரும்பான்மையை இழந்தது. மக்கள் விடுதலை முன்னணியின் ஆதரவு அதற்குத் தேவைப்பட்டது. அவ்வாதரவின் நிபந்தனைகளுள் ஒன்றாகச் சுயாதீன ஆணைக்குழுக்கள் அமைந்தன. இவ்வாறே பதினேழாவது திருத்தம் 2001ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள் சட்டமாயிற்று. நிறைவேற்றுத்துறை தன் அதிகாரத்தைத் தானாகக் குறைத்துக்கொண்டதன்று. வலுவிழந்த வேளையிற் குறைத்துக்கொள்ளுமாறு நிர்ப்பந்திக்கப்பட்டது.

திருத்தத்தின் அமைப்பு பின்வருமாறு. பத்து உறுப்பினர் கொண்ட அரசியலமைப்புப் பேரவையொன்று நிறுவப்படும். பிரதமர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகியோர் பதவிவழியாக அதில் இடம்பெறுவர். ஒருவரைச் சனாதிபதி நியமிப்பார். ஐவர் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் இணங்கி முன்மொழிவோர். அவர்களுள் மூவர் சிறுபான்மையினரின் நலன்களைப் பிரதிநிதித்துவம் செய்வர். எஞ்சிய ஒருவரை ஏனைய கட்சிகள் முன்மொழியும். இப்பேரவையின் விதந்துரையின் பேரிலேயே ஐவர் கொண்ட தேர்தல் ஆணைக்குழுவைச் சனாதிபதி நியமித்தல் வேண்டும். உறுப்பினரை அகற்றுவதாயின் உயர் நீதிமன்ற நீதியரசரை அகற்றும் முறையே பின்பற்றப்படல் வேண்டும்.

ஏட்டளவில் இது தென்னாசியாவின் மிகச் சிறந்த ஏற்பாடுகளுள் ஒன்று. நடைமுறையில் நிகழ்ந்ததோ வேறு. பேரவை 2002இல் அமைக்கப்பட்டது. ஆணைக்குழுவுக்கான பெயர்களையும் விதந்துரைத்தது. தலைவராக விதந்துரைக்கப்பட்டவரை அப்போதைய சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஏற்க மறுத்தார். மறுக்கும் அதிகாரத்தைத் திருத்தம் அவருக்கு வழங்கவில்லை. அதேவேளை நியமிக்கத் தவறினால் நிகழ்வது யாது என்பதையும் அது கூறவில்லை. சனாதிபதிக்கு எதிராக வழக்குத் தொடர இயலாதவாறு யாப்பு வழங்கிய விலக்குரிமை நீதிமன்றத்தின் கதவையும் அடைத்தது. ஆணைக்குழு பிறக்கவில்லை. 2005ஆம் ஆண்டு பேரவையின் பதவிக்காலம் முடிவடைந்தது. சிறு கட்சிகள் முன்மொழியவேண்டிய பத்தாவது உறுப்பினர் பற்றி இணக்கம் ஏற்படவில்லை என்பது முதலிற் கூறப்பட்ட காரணம். பின்னர் அப்பெயர் கிடைத்தபோதும் அடுத்த சனாதிபதி மகிந்த ராசபக்ச பேரவையை அமைத்தாரில்லை.

விளைவு விசித்திரமானது. ஆணைக்குழு அமையும்வரை அப்போதிருந்த ஆணையாளரே அதன் அதிகாரங்களைச் செலுத்துவார் என்று திருத்தத்தின் இடைக்கால ஏற்பாடு கூறியது. அதனால், 1995 முதல் ஆணையாளராயிருந்த தயானந்த திசாநாயக்க, இளைப்பாற விரும்பியும் இளைப்பாற இயலாதவராய் 2011 வரை அப்பதவியிற் கட்டுண்டிருந்தார். தேர்தல் ஆணையாளரைப் பதவியிலிருந்து விரட்டும் ஆட்சிகளைப் பற்றி உலகம் அறியும். பதவியிலிருந்து விலக விடாது வைத்திருந்தமை எமது நாட்டின் பங்களிப்பு. 2001 ஒக்டோபர் முதல் 2015 நவம்பர் வரையான பதினான்கு ஆண்டுகளில் நான்கு பாராளுமன்றத் தேர்தல்களும் மூன்று சனாதிபதித் தேர்தல்களும், யாப்பில் விதிக்கப்பட்ட ஆணைக்குழு இன்றியே நடந்தேறின.

இப்பதினான்கு ஆண்டுகளே எமது ஆய்வின் மையம். தீயவரை நியமித்ததாக எவரும் குற்றஞ்சாட்ட இயலாது. ஏனெனில் எவரும் நியமிக்கப்படவில்லை. யாப்பை மீறியதாக நிறுவுவதும் எளிதன்று. ஏனெனில் நிகழ்ந்தது செயலன்று, செயலின்மை. நியமியாமை ஓசையற்ற அதிகாரம். அது கையொப்பம் எதையும் விட்டுச்செல்வதில்லை.

3. சொற்களும் அதிகார உறவும்

பதினெட்டாவது திருத்தம் முதல் இருபத்தோராவது திருத்தம் வரையான வரலாற்றை ஒரு சொல்லின் மாற்றங்களாகவே வாசிக்கலாம். பதினேழாவது திருத்தத்தில் சனாதிபதி பேரவையின் ‘விதந்துரையின் பேரில்’ நியமித்தார். 2010ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிறைவேறிய பதினெட்டாவது திருத்தம் பேரவையை ஒழித்து, அதனிடத்தில் ஐவர் கொண்ட பாராளுமன்றப் பேரவையை வைத்தது. அதனிடம் சனாதிபதி ‘அவதானிப்புகளைக்’ கோரினாற் போதும். விதந்துரை கட்டுப்படுத்தும், அவதானிப்பு கட்டுப்படுத்தாது. இலக்கண நோக்கில் இரண்டும் பெயர்ச்சொற்களே. அரசியல் நோக்கில் ஒன்று கடிவாளம், மற்றது அணிகலன்.

அத்திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக விழுந்தவை 17. போர் முடிந்து ஓராண்டும் சில மாதங்களுமே கழிந்திருந்தன. வெற்றியின் பெயரால் நிறைவேற்றுத்துறை எதையும் கோரலாம் என்ற சூழல் அது. சனாதிபதிப் பதவிக்கு இருமுறையே தெரிவாகலாம் என்ற வரையறையும் அதே திருத்தத்தால் நீக்கப்பட்டது. பழைய இடதுசாரிக் கட்சிகளின் உறுப்பினரும் அதற்கு ஆதரவாகவே கையுயர்த்தினர். சர்வசன வாக்குரிமையின் வரலாற்றில் உழைப்பாளர் இயக்கத்துக்குரிய இடத்தை அறிந்தோர் இதனைக் கடந்துசெல்ல இயலாது. முதலாளித்துவ சனநாயகம் ‘வெறும் உருவம்’ என்ற வாய்பாடு, அவ்வுருவத்தையும் அழிப்போருக்குத் துணைபோவதற்கான நியாயமாக மாறியமை கோட்பாட்டு வறுமையின் விளைவாகும்.

2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது திருத்தம் ‘விதந்துரையை’ மீட்டது. அத்துடன் முன்னைய அனுபவத்திலிருந்து கற்ற ஏற்பாடொன்றையும் சேர்த்தது. பெயர்கள் கிடைத்துப் பதினான்கு நாள்களுக்குள் சனாதிபதி நியமிக்கத் தவறின், விதந்துரைக்கப்பட்டோர் நியமிக்கப்பட்டவராகவே கருதப்படுவர். நியமியாமையின் அதிகாரத்தை நேரடியாகக் குறிவைத்த வாசகம் இது. ஆணைக்குழுவின் எண்ணிக்கை மூன்று. மகிந்த தேசப்பிரிய தலைவராகவும், நளின் அபேசேகர, பேராசிரியர் இரத்தினஜீவன் ஹூல் ஆகியோர் உறுப்பினராகவும் கொண்ட முதலாவது ஆணைக்குழு அவ்வாண்டு நவம்பரிற் பதவியேற்றது. 2018 நவம்பரிற் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அதனை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றோருள் ஹூலும் ஒருவர். கலைப்பு யாப்புக்கு முரணானதென ஏழு நீதியரசர் கொண்ட குழு டிசம்பர் 13ஆம் நாள் ஏகமனதாகத் தீர்த்தது. தன் நியமனத்துக்குச் சனாதிபதியின் தனி விருப்பத்தை நம்பியிராத ஒருவரே இவ்வாறு செயற்படுதல் எளிது.

2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் இருபதாவது திருத்தம் மீண்டும் ‘அவதானிப்புகளுக்கே’ திரும்பியது. ஆதரவாக 156 வாக்குகள், எதிராக 65. இரண்டு ஆண்டுகளின் பின், 2022 ஒக்டோபரில், இருபத்தோராவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையையும் விதந்துரையையும் மீட்டது. இவ்விரு திருத்தங்களையும் நிறைவேற்றியது 2020 ஓகத்தில் தெரிவான அதே பாராளுமன்றமே என்பது ஊன்றி நோக்கத்தக்கது. உறுப்பினர் பெரும்பாலும் மாறவில்லை, ஆசனங்களும் மாறவில்லை. இடையில் நிகழ்ந்தது பொருளாதார வீழ்ச்சியும், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்குமான நீண்ட வரிசைகளும், அவ்வருடத்தின் மக்கள் எழுச்சியும், சனாதிபதி கோத்தாபய ராசபக்சவின் வெளியேற்றமுமாகும். யாப்பின் வாசகம் சபையினுள் எழுதப்படுகின்றது. அதனை எழுதும் கை வெளியிலுள்ள சக்திகளின் சமநிலைக்கேற்பவே அசைகின்றது.

4. நியமனத்தின் பின்னர்

விதந்துரை மீட்கப்பட்டதுடன் வினா தீர்ந்துவிட்டதா? மூன்று விடயங்கள் அவ்வாறன்று எனக் காட்டுகின்றன.

முதலாவது, பதவிகளின் ஓட்டம். இருபதாவது திருத்தத்தின் கீழ் 2020 டிசம்பரில் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவின் உறுப்பினர் சீவன் தியாகராசா, 2021இற் பதவி விலகி வட மாகாண ஆளுநரானார். அவருக்கு முன் ஆளுநராயிருந்த பி.எஸ்.எம். சார்ள்ஸ் பின்னர் ஆணைக்குழுவின் உறுப்பினரானார். 2023 சனவரியில் விலகினார். அவ்வாண்டு மே மாதம் மீண்டும் ஆளுநரானார். இங்கே தனியாட்களின் நேர்மை வினாவன்று. அதுபற்றி ஐயுறுவதற்கு இக்கட்டுரை இடந்தரவுமில்லை. ஆளுநர் சனாதிபதியின் முகவர். சனாதிபதி விரும்பும்வரையே பதவியில் இருப்பவர். ஆணைக்குழு உறுப்பினர் சனாதிபதியிடமிருந்து விலகி நிற்கவேண்டியவர். இவ்விரு ஆசனங்களுக்குமிடையில் இடைவெளி எதையும் சட்டம் விதிக்கவில்லை. அதிலும், 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் நடத்தப்படாமையால், ஆளுநரின் கையிலேயே ஆட்சி தேங்கிய மாகாணம் அது. நடவாத தேர்தலின் பயனாளியான பதவிக்கும், தேர்தலை நடத்தவேண்டிய பதவிக்கும் இடையிலான வழி திறந்தே கிடந்தது.

இரண்டாவது, திறைசேரி. 2023 மார்ச் 9ஆம் நாள் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவேண்டியிருந்தது. ஆணைக்குழு இருந்தது, திகதி இருந்தது, வேட்புமனுக்களும் ஏற்கப்பட்டிருந்தன. பணம் விடுவிக்கப்படவில்லை. தேர்தல் நடைபெறாமை மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியதாகும் என உயர் நீதிமன்றம் 2024 ஓகத்தில் தீர்த்தது. வாக்களிப்பு 2025 மே 6ஆம் நாளே இடம்பெற்றது. நியமியாமையின் இடத்தை இம்முறை நிதி விடுவியாமை எடுத்துக்கொண்டது. ஒரு கதவு பூட்டப்பட்டதும் அதே அதிகாரம் வேறு கதவால் நுழைந்ததே அன்றி வேறன்று.

மூன்றாவது, தகைமை பற்றிய வாசகம். தொழில்வாண்மை, நிர்வாகம், கல்வி ஆகிய துறைகளிற் சிறப்புற்றோரிலிருந்தே உறுப்பினர் தெரிவாகவேண்டும் என்கின்றது யாப்பு. நடுநிலைமை என்பது குறித்தவொரு வர்க்கத்தின் இயல்பான பண்பு என்ற எடுகோள் இதிற் பொதிந்துள்ளது. சட்டத்தரணியும் இளைப்பாறிய நிர்வாகியும் பேராசிரியரும் கட்சிசாராதவராகலாம். தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் கடற்கரையிலும் வாழ்நாளெல்லாம் வாக்களித்தவரின் அனுபவம் தகைமையாகக் கொள்ளப்படுவதில்லை. வாக்காளர் இடாப்பிலிருந்து ஒரு காலத்தில் நீக்கப்பட்ட வர்க்கத்தினர், அவ்விடாப்பைக் காக்கும் நிறுவனத்தில் இன்றும் இடம்பெறுவதற்கு வழி குறுகியதே.

5. அயல்நாட்டு ஒப்புமை

இந்தியாவின் அனுபவம் இதே வினாவுக்கு வேறொரு பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சுகின்றது. அந்நாட்டு யாப்பின் 324ஆம் உறுப்புரை, பாராளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கமையத் தேர்தல் ஆணையாளரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றது. 1949இல் யாப்பு நிர்ணய சபையில் இதுபற்றி விவாதம் எழுந்தபோது, பாராளுமன்றத்தின் மூன்றிலிரு பெரும்பான்மை அங்கீகாரம் வேண்டுமென சிப்பன்லால் சக்சேனா கோரினார், அது ஏற்கப்படவில்லை. குறிப்பிட்ட சட்டமும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இயற்றப்படவில்லை. அங்கு நியமனங்கள் தவறாது நடந்தன. நியமனத்தை நெறிப்படுத்தும் சட்டம் பிறக்கவில்லை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டம் இயற்றப்படும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழுவே பெயர்களைப் பரிந்துரைக்கவேண்டும் என்றது. அவ்வாண்டு டிசம்பரில் சட்டம் விரைந்து வந்தது. தலைமை நீதிபதியின் இடத்திற் பிரதமர் பெயர்குறிக்கும் அமைச்சர் ஒருவர் அமர்த்தப்பட்டார். மூவருள் இருவர் அரசாங்கத்தினர். செயலின்மையாற் காக்கப்பட்ட அதிகாரம், அச்செயலின்மை இயலாதாகியபோது செயலால் காக்கப்பட்டது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழு என்பது ஆளும் வர்க்கத்தின் கொடையுமன்று, வெறும் மாயையுமன்று. 2001இல் பலமிழந்த அரசாங்கத்திடமிருந்தும், 2022இல் மக்கள் எழுச்சியை எதிர்நோக்கிய பாராளுமன்றத்திடமிருந்தும் பெறப்பட்டது அது. 2010இலும் 2020இலும், நிறைவேற்றுத்துறை தன் வலிமையின் உச்சத்தில் நின்றபோது பறிக்கப்பட்டது. பெறப்பட்ட ஒவ்வொரு முறையும், பறிக்கும் வழிகள் முன்னையினும் நுட்பமாயின.

ஆதலின் முற்போக்காளர் முன்வைக்கவேண்டிய கோரிக்கைகளும் ‘நல்லவரை நியமியுங்கள்’ என்பதுடன் அமைதல் தகாது. விதந்துரை கட்டுப்படுத்துவதாயும், நியமனத்துக்குக் காலவரையறை உடையதாயும் நிலைபெறல் வேண்டும். தேர்தற் செலவுக்கான நிதி திறைசேரியின் விருப்பத்திலிருந்து விடுபடல் வேண்டும். ஆணைக்குழுவிலிருந்து விலகுவோர் குறித்த காலம்வரை நிறைவேற்றுத்துறையின் பதவிகளை ஏற்றல் தடுக்கப்படல் வேண்டும். தகைமை பற்றிய வாசகம் உழைப்போர் அமைப்புகளுக்கும் இடந்தருமாறு விரிவாக்கப்படல் வேண்டும். இவற்றுள் எதுவும் வர்க்க சமுதாயத்தை மாற்றிவிடாது. எனினும் மாற்றத்துக்காகப் போராடுவோர் ஒருங்கிணையவும், தம் பலத்தை அளக்கவும், ஆட்சியாளரைக் குறித்த நாளில் மக்கள் முன் நிறுத்தவும் உதவும் களம் ஒன்றை இவை காக்கும். அக்களத்தை ‘வெறும் உருவம்’ என ஒதுக்குவோர், அது இல்லாதிருந்த ஆண்டுகளை மலையகத்திலும் வடக்கிலும் வாழ்ந்தோரிடம் கேட்டறிதல் நன்று.